ஞாயிறு போனால் திங்கள் வீட்டுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்ய ஒரு தம்பதியை அனுப்பும் திருச்சபை, மாதக் கடைசியில் அவர்கள் எத்தனை பேரைச் சந்தித்தார்கள் என்று கேட்கிறது. அந்த மாதத்தில் எத்தனை இரவு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சொல்லவே, கணவனும் மனைவியுமாக இதை எழுதுகிறோம்.

மற்ற ஊழியங்களைவிட இதில் வீடு சீக்கிரம் ஆட்டம் காணும். காரணம், நேரம். விளையாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கு விடியற்காலை ஐந்தரை வாக்கில் பயிற்சி, பிறகு படிப்பு, மாலை நாலு மணிக்கு மறுபடியும் மைதானம். குளித்துச் சாப்பிட்டு, பத்து மணிக்குள் படுத்தாக வேண்டும். அவர்களிடம் நிதானமாகப் பேசக் கிடைப்பது இரவு ஏழு முதல் ஒன்பது வரையும் ஞாயிற்றுக்கிழமையும்தான். ஊழியரின் சொந்தப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரும் நேரமும் அதே ஏழு முதல் ஒன்பதுதான். பாரதியார் தினப் போட்டிகள், குடியரசு தினப் போட்டிகள் என்று மாவட்ட அளவு, மாநில அளவு எனப் போகும்போது வாரக்கணக்கில் ஊர் ஊராகத் திரிய வேண்டி வரும். ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் தொடங்குகிறவர்கள், வீட்டு நேரத்தைத் தெரியாமலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும் விடுதிக்கு. மற்ற ஐந்து மாலைகளில் அழைப்பு வந்தாலும், அவசரம் இல்லையென்றால் போவதில்லை. ஞாயிறு முழுவதும் மற்றவர்களுக்குப் போய்விடுவதால் திங்கட்கிழமை முழுவதும் வீட்டுக்கு. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் இருவருமே வீட்டில் இருக்கும் நாளாக அது இருக்க வேண்டும். ஊழியத்துக்குத் தனிக் கைபேசி எண் வாங்கி, இரவு ஒன்பதரைக்கு அணைத்துவிடலாம். 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?' என்ற கேள்வி உடனே வரும். அதனால்தான் சபையில் இன்னொரு தம்பதி பொறுப்பேற்க வேண்டும். ஒரே வீடு இரவும் பகலும் காவல் இருந்தால், இரண்டாவது வருஷத்திலேயே அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

வெளியூர்ப் போட்டிக்குக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து கிளம்புவதைக் கோடை விடுமுறைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மற்ற மாதங்களில் ஒருவர்தான் போக வேண்டும். அதுவும் மூன்று மாதத்துக்கு இரண்டு பயணங்களுக்கு மேல் வேண்டாம். சொந்தப் பிள்ளை பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படித்தால், அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து தேர்வு முடியும்வரை வெளியூர்ப் பயணமே கிடையாது என்று முன்கூட்டியே சபையிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வீரர்களை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பது இந்த ஊழியத்தின் உயிர். விடுதிச் சோற்றிலேயே இருக்கும் பிள்ளைக்கு ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய ஆறுதல். ஆனால் பொங்கிப் போடுகிறவருடைய முதுகையும் நினைக்க வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரு நேரத்துக்கு ஆறு பேர் போதும். பதினேழு, பதினெட்டு வயது ஓட்டக்காரர்களும் ஹாக்கி ஆடுகிறவர்களும் ஆறு பேர் வந்தால் ஒன்றரைக் கிலோ அரிசியும் இரண்டு கிலோ கோழியும் ஆகும். ரசமும் தயிரும் தனி. இந்தச் செலவைச் சபைக் கணக்கில் எழுத வேண்டும், வீட்டு மளிகைக் கணக்கில் அல்ல. போட்டிக்கு முந்தைய நாள் விருந்து வேண்டாம். பழக்கமில்லாத மசாலாவும் நெய்யும் வயிற்றைக் கெடுத்தால், ஓராண்டுப் பயிற்சி வீணாகும்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது மருந்து. 'அக்கா, சளி, ஏதாவது மாத்திரை கொடுங்க' என்று கேட்டால், வீட்டு அலமாரியைத் திறக்கவே கூடாது. சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎபிட்ரின் போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கமருந்தாகக் கணக்கிடப்படும். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே செல்லாது; உடலில் எது இருந்தாலும் வீரர்தான் பொறுப்பு. உள்ளடக்கம் தெரியாத லேகியமும் சத்துமாவும் அப்படியே. அணி மருத்துவரிடம் அனுப்புவதுதான் அன்பு.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு, கணவனோ மனைவியோ, யாரும் தனியறையில் கதவைச் சாத்திப் பேசக் கூடாது. மைதானத் திண்ணை, கதவு திறந்த கூடம், இரண்டு பெரியவர்கள் பார்வையில் இருக்கும் இடம் போதும். தம்பதியாக இருப்பதன் பெரிய பயன் இங்கேதான்: பெண் பிள்ளைகளிடம் மனைவி, ஆண் பிள்ளைகளிடம் கணவன், பக்கத்தில் மற்றவர். விடுதிக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கேட்ட பிள்ளையோடு மட்டும் ஜெபிக்க வேண்டும். பிற மதப் பிள்ளைகளின் பெற்றோர் நம்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுடைய பலவீனமான நேரத்தை ஆள் சேர்ப்பதற்குப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகம். அணித் தேர்வைப் பற்றிப் பயிற்சியாளரிடம் சிபாரிசு செய்யவும் கூடாது. ஒருமுறை செய்தால் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் மனம் திறந்து பேசாது.

வேலை அதிகம் தேவைப்படுவது வெற்றி நாளில் அல்ல. முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தவர் திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும். அந்த ஒன்பது மாதமும் தோழர்கள் மைதானத்தில் இருப்பார்கள். இவர் வீட்டுத் திண்ணையில். இடம் பறிபோன பயமும், விளையாட்டு வீரர்களுக்கான வேலைவாய்ப்பு ஒதுக்கீடு கைவிட்டுப் போகுமோ என்ற கவலையும் இரவில்தான் வரும். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், தவறாமல் போய்ப் பார்த்தால் போதும். ஆனால் நம் சபைகள் பதக்கம் வாங்கிய மறுவாரமே, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல மேடைக்கு அழைக்கின்றன; காயம்பட்டவரைத் தேடிப் போவதில்லை. மேடை ஏறிய பத்தொன்பது வயதுப் பிள்ளை அடுத்த போட்டியில் தோற்றால், கர்த்தரையும் தோற்கடித்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொள்கிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுமாறு மன்றாடுகிறோம்.

பிரசங்கங்களில் தியாகத்துக்கு உதாரணமாகச் சி.டி. ஸ்டட்டைச் சொல்வார்கள். 1882-இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்காக ஆடிய கிரிக்கெட் வீரர். சீனாவில் ஊழியம் செய்து, 1900 முதல் 1906 வரை நம் ஊட்டி யூனியன் சபையில் போதகராக இருந்தவர். அங்கே மனைவி பிரிசில்லாவும் நாலு பெண்பிள்ளைகளும் கூட இருந்தார்கள். பிறகு அவர் காங்கோ போனார். 1916-க்குப் பின் இங்கிலாந்து திரும்பவில்லை. பிரிசில்லா அவரைக் காங்கோவில் பார்க்கப் போனது 1928-இல் ஒரே முறை, சில நாட்கள். மறு ஆண்டு இறந்துவிட்டார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற எரிக் லிடெலும் சீனாவில் குடும்பத்தைப் பிரிந்தே இறந்தார். ஆனால் அது போர்க் காலம், கர்ப்பிணி மனைவியைப் பாதுகாப்பாகக் கனடா அனுப்பினார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, வீட்டைத் துறப்பதே ஊழியம் என்று இளம் தம்பதிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சரியில்லை. தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படிப் பராமரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் கேட்டவர் அப்போஸ்தலன் பவுல்தான்.

இன்னொன்று. நியமனக் கடிதம் பெரும்பாலும் கணவன் பெயரில் வருகிறது, உதவித்தொகையும் அவர் பெயரில். சமைப்பதும், பெண் பிள்ளைகளின் மாதவிடாய்ச் சிக்கலிலிருந்து வீட்டுப் பிரச்சினை வரை காதுகொடுத்துக் கேட்பதும் மனைவி. அவர் பெயரும் கடிதத்தில் இருக்க வேண்டும். தொகையில் பாதி அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அவருக்கும் ஆண்டுக்கு முப்பது நாள் விடுப்பு வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்பே சேகரக் கமிட்டியும் (சபையின் நிர்வாகக் குழு) தம்பதியும் விளையாட்டுக் காலண்டரை மேசையில் விரித்து உட்கார வேண்டும். முதலில் பிள்ளைகளின் தேர்வு, பெற்றோரின் மருத்துவப் பரிசோதனை, திருமண நாள், திங்கட்கிழமைகள் ஆகியவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மிச்சமுள்ள கட்டங்களில் போட்டிகளை எழுதுங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு வீரர்களிடையே ஊழியம் செய்யும் ஒரு தம்பதி,
திருநெல்வேலி மாவட்டம்