பே ஏரியாவுக்கு ஒரே டிகிரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் கலிபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்காகச் சென்ற இதழில் பயணக் குறிப்புகள் வெளியிட்டிருந்தீர்கள். விசா, மருத்துவக் காப்பீடு பற்றிய பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பே ஏரியாவின், அதாவது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களின், வானிலை பற்றிய பத்திதான் இடிக்கிறது. “ஜூலையில் பே ஏரியா 25 டிகிரி, இதமாக இருக்கும், பருத்தி உடை போதும்” என்று முடித்துவிட்டீர்கள். சராசரி எடுத்தால் அந்த எண் வரலாம். ஆனால் அதை நம்பிப் பெட்டி கட்டினால் ஓர் ஊரில் நடுங்க வேண்டும், இன்னோர் ஊரில் வேக வேண்டும்.

வழக்கமான ஒரு ஜூலை நாள், பிற்பகல் மூன்று மணி. சான் பிரான்சிஸ்கோவின் மேற்கு ஓரத்து ஓஷன் பீச்சில் 15, 16 டிகிரி, முகத்தில் ஈரம் அடிக்கும் மூடுபனிக் காற்று. விரிகுடாவைத் தாண்டி ஓக்லாந்து வந்தால் 21. அங்கிருந்து கால்டிகாட் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது மேகமூட்டம். மறுபக்கம் வெளியே வந்தால் கண் கூசும் வெயில். வால்நட் க்ரீக்கில் 31, லிவர்மோரில் 34, 35. எல்லாம் ஒன்றேகால் மணி நேரக் கார்ப் பயணத்துக்குள்.

கட்டுரையாளர் இந்தப் பனியை “குளிர்காலத்தின் மிச்சம்” என்கிறார். அப்படியில்லை, இது முழுக்கக் கோடைச் சரக்கு. கோடையில் கரையோரமாக வடமேற்குக் காற்று வீசும். பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, அது மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து 11 முதல் 13 டிகிரிக் குளிர்நீர் மேலே வருகிறது. அதன்மேல் படும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. உயரத்திலோ பசிபிக் உயர் அழுத்த மண்டலத்தின் காற்று கீழிறங்கிச் சூடேறி, இந்தக் குளிர்காற்றின் தலையில் இட்லிப் பானை மூடி போல உட்காருகிறது. மூடிக்குக் கீழே இருப்பதுதான் இங்கே வானிலைக்காரர்கள் சொல்லும் ‘மரைன் லேயர்’. சென்னையிலும் உள்நாட்டுச் சூடுதான் கடல்காற்றை இழுக்கிறது. ஆனால் மே மாத வங்கக்கடலின் மேல்நீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அதனால் அங்கே புழுக்கம்தான் வரும், பனி வராது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். உள்நாட்டு வெயிலும் கரைப் பனியும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை, இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உயர் அழுத்தம் வலுத்தால் மூடி கீழே அழுந்துகிறது. அழுந்தினால் பனி மலைகளைத் தாண்ட முடியாமல் கரையிலேயே அடர்கிறது. உள்ளே தடுக்க ஆளில்லாமல் வெயில் ஏறுகிறது. கரைக்கு அடர்பனி அறிவிப்பும் உள்பகுதிக்கு வெப்ப எச்சரிக்கையும் ஒரே நாளில் வருவது இதனால்தான். “ஆப் உளறுகிறது” என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆகவே பார்க்க வேண்டியது அந்த மூடியின் உயரம். தேசிய வானிலைச் சேவையின் பே ஏரியா அலுவலகம் மான்டரேயில் இருக்கிறது. weather.gov போன்ற முகவரியெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் சொல்லி அந்த அலுவலகம் நாள்தோறும் பல முறை வெளியிடும் ‘ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’ என்ற உரைக் குறிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் மரைன் லேயர் எத்தனை அடி என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். 500 அடி என்றால் பனி கரையோடு நிற்கும், உள்ளே நல்ல வெயில். 1,000 முதல் 1,500 அடி என்றால் கோல்டன் கேட் வாய் வழியாகவும் விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள சான் புரூனோ இடைவெளி வழியாகவும் விரிகுடாவுக்குள் பரவும். பெர்க்லி குன்றுகள் மறிப்பதால் அதற்குக் கிழக்கே போகாது. 2,000 அடியைத் தாண்டினால் குன்றுகளின் மேலேறி வழிந்து லிவர்மோர்க்காரர்கள்கூடச் சாம்பல் வானத்தில் கண்விழிப்பார்கள். இன்னும் தடித்தால் கரையில் தூறல் விழும், பகலிலும் கலையாது. இதெல்லாம் தோராயக் கணக்குதான், காற்றின் வேகத்தைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

குறிப்பைப் படிக்க முடியாதவர்கள் கோல்டன் கேட் பாலத்தின் வெப்கேமைப் பார்க்கலாம். அதன் கோபுரங்கள் நீர்மட்டத்திலிருந்து 746 அடி. வெள்ளைப் பரப்புக்கு மேலே சிவப்பு நுனி நீட்டிக்கொண்டு தெரிந்தால் மூடி அதற்குக் கீழே இருக்கிறது. அன்று உள்ளே வெயில் கொளுத்தும். பாலத்தின் சாலை ஏறத்தாழ 220 அடி உயரத்தில் இருக்கிறது. மேகம் அதற்கும் கீழே இறங்கிவிட்டால் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிட்டுக் காரின் லோ பீமைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போவதே நல்லது. ஹை பீம் போட்டால் ஒளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பும்.

கைபேசி ஆப் ஏமாற்றுவது பெரும்பாலும் இந்த 500 அடி நாட்களில்தான். மெல்லிய அடுக்கைக் கணினி மாதிரிகள் சரியாகப் பிடிப்பதில்லை. போதாததற்கு ‘சான் பிரான்சிஸ்கோ’ என்று தட்டினால் நகர மையத்துக்கான எண்ணைக் காட்டும். அது ஓஷன் பீச்சுக்கும் பொருந்தாது, மிஷன் வட்டாரத்துக்கும் பொருந்தாது. வானிலைச் சேவையின் பக்கத்தில் வரைபடத்தில் வீடு இருக்கும் இடத்தையே தொட்டால் அந்தச் சிறு கட்டத்துக்கான கணிப்பு தனியாக வரும்.

வெயில் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. “நாங்க பார்க்காத வெயிலா” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் துணிந்து நடக்கப் போவது இங்கேதான் வினையாகிறது. லிவர்மோர், சாக்ரமென்டோ பக்கத்து வெயில் வறண்டது. வேர்வை சுரந்த உடனே ஆவியாகிவிடுவதால் சட்டை நனையாது, தாகமும் சட்டென்று தெரியாது, உடல்நீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதைக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நடைப்பயிற்சியைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

டிகிரியைவிட வானிலைச் சேவையின் ‘ஹீட் ரிஸ்க்’ (வெப்ப ஆபத்து) வரைபடத்தின் நிறம் உதவும். பச்சையில் தொடங்கி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மெஜந்தா என்று ஏறும். ஒரே 33 டிகிரி லிவர்மோரில் மஞ்சளாகவும் சான் பிரான்சிஸ்கோவில் அதைவிட மேலாகவும் வரலாம். காரணம், நகரத்தின் பழைய வீடுகள் பலவற்றில் ஏசி கிடையாது, உடம்புக்கும் பழக்கம் இல்லை. இரவு தணிகிறதா என்பதையும் அந்த நிறம் கணக்கில் எடுக்கிறது.

இரவு என்றதும் இன்னொன்று. மாலையில் ஜன்னலைத் திறந்துவிட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்பது தாழ்வான இடங்களுக்குச் சரி. குன்றுச் சரிவில், ஆயிரம் அடிக்கு மேலே இருக்கும் வீடு அழுந்திய மூடிக்கும் மேலே போய்விடுகிறது. கீழே 16 டிகிரியில் போர்வை தேடுவார்கள், மேலே நள்ளிரவிலும் 26 நிற்கும். அங்கே ஜன்னலைத் திறந்தால் சூடுதான் உள்ளே வரும். வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு திறக்க வேண்டும். காட்டுத்தீப் புகை இருக்கும் நாளில் எந்த உயரமானாலும் திறக்கக் கூடாது. மாலை நான்கு முதல் ஒன்பது வரை மின்கட்டணமும் மின்சுமையும் உச்சத்தில் இருக்கும். அதற்கு முன்பே வீட்டைக் குளிர்வித்துத் திரைகளை இழுத்துவிடுவது இங்குள்ளவர்கள் வழக்கம்.

ஜூலையைத் தாண்டித் தங்குபவர்கள் செப்டம்பரை மறந்துவிடக் கூடாது. காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால் கரையின் காவல் போய்விடும். சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தின் உச்ச வெப்பமான 106 பாரன்ஹீட், அதாவது 41 டிகிரி, பதிவானது 2017 செப்டம்பர் 1 அன்று. சாக்ரமென்டோ 116 பாரன்ஹீட்டைத் தொட்டது 2022 செப்டம்பர் 6-இல். மேற்குக் காற்று வலுத்துக் கடல்காற்று உள்ளே வராத நாளில் மீனம்பாக்கம் 40-ஐத் தாண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெட்டிக்கு வருவோம். பருத்தி உடைகளோடு காற்றுப் புகாத ஜெர்க்கின் ஒன்று கட்டாயம். கனத்த ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய அடுக்குகள் மேல், சுரங்கப்பாதை தாண்டியதும் கழற்றிவிடலாம். காதுக்கு மங்கி குல்லா கொண்டுவருபவர்களைப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஓஷன் பீச்சில் அவர்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். காரில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

விமானம் மாறுபவர்களுக்கும் ஒரு குறிப்பு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் இணை ஓடுபாதைகளுக்கு இடையே 750 அடிதான் தூரம். தாழ்மேகம் இருந்தால் இரண்டிலும் அருகருகே இறக்க முடியாமல் வரவுகளைக் குறைப்பார்கள்; கோடைக் காலைத் தாமதங்களுக்குப் பெரிய காரணம் இதுதான். மேகம் பெரும்பாலும் முற்பகலில் கலையும். அங்கே இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் காலை வரவுக்குப் பிறகு மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டுப் பயணச்சீட்டு எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமான்ட், கலிபோர்னியா