எச்சூக்கா கல்விச் சுற்றுலா குறித்துப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நமது வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் உயர்வகுப்பு மாணவர்களை, மூன்றாம் பருவம் முடிந்து வரும் விடுமுறையில், எச்சூக்காவுக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்ல ஆசிரியர் குழு முடிவு செய்துள்ளது. மெல்பேர்னுக்கு வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் மர்ரே ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரை நீராவிப் படகுச் சவாரிக்காக உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். ஒரு படகில் ஏறி இறங்குவதற்காகப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அழைத்துப்போக வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கடலிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊர் 1870களில் ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய உள்நாட்டுத் துறைமுகமாக இருந்தது என்றால் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. வரைபடத்தை விரித்தால் காரணம் விளங்கும். நியூ சவுத் வேல்சின் உட்பகுதிப் பண்ணைகளில் கத்தரித்த ஆட்டு உரோமம் டார்லிங், மரம்பிட்ஜி ஆறுகளின் வழியாக மர்ரே ஆற்றுக்கு வந்து சேரும். அந்த மர்ரே ஆறு மெல்பேர்னை மிகவும் நெருங்கி வரும் இடம் எச்சூக்கா. 1853இல் முதல் நீராவிப் படகுகள் இந்த ஆற்றில் ஏறி வந்தன. 1864இல் மெல்பேர்னிலிருந்து பெண்டிகோ வழியாக ரயில் பாதை எச்சூக்காவை எட்டியது. படகும் ரயிலும் ஒரே இடத்தில் சந்தித்ததும் உரோமப் பொதிகள் இங்கே கரையேறி, மெல்பேர்ன் துறைமுகம் வழியாக இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் சென்றன.

ஊரைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஹென்றி ஹாப்வுட், இங்கிலாந்திலிருந்து தண்டனைக் கைதியாக இன்றைய டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். விடுதலைக்குப் பின் இங்கு வந்து, ஆற்றைக் கடக்க மிதவை ஒன்றை ஓட்டி, விடுதியும் கட்டினார். விடுதியில் ஆள் குறைந்தால் மிதவை பழுதென்று சொல்லிப் பயணிகளைத் தங்க வைப்பாராம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவர் கட்டிய பிரிட்ஜ் ஹோட்டல் இன்றும் நிற்கிறது.

பிள்ளைகள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புவது துறைமேடையைத்தான். 1865இல் கட்டத் தொடங்கிப் பின்னர் நீட்டப்பட்டு ஒரு காலத்தில் 332 மீட்டர் வரை வளர்ந்த இது, முழுவதும் இப்பகுதியின் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் வகை மரத்தால் ஆனது. அடுக்கடுக்காக உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதற்குக் காரணம், மலைப்பனி உருகி ஆறு பெருகும் காலத்துக்கும் கோடையில் வற்றும் காலத்துக்கும் இடையே நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கியதுதான். எந்த மட்டத்தில் படகு வந்தாலும் சரக்கை இறக்க ஒரு தளம் இருந்தது. மேல்தளத்தில் நடந்துவிட்டுத் திரும்பிவிடாமல், கீழே இறங்கித் தூண்களின் நடுவே நின்று அண்ணாந்து பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெல்பேர்னின் விறகுத் தேவைக்காக இதன் பெரும்பகுதி பிரிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி 2007 முதல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் உள்ளது. அருகே கட்டி நிறுத்தப்பட்டிருக்கும் படகுகளில், 1866இல் இங்கேயே கட்டப்பட்ட 'அடிலெய்ட்', மரத்தாலான உடலோடு இன்னும் ஓடும் நிலையில் இருக்கும் துடுப்புச் சக்கரப் படகுகளில் உலகிலேயே மிகப் பழையது எனப்படுகிறது.

இந்தச் செழிப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் தன் ரயில் பாதையை 1882இல் ஹே நகருக்கும் 1885இல் பர்க் நகருக்கும் கொண்டு சென்றது; ஆற்றில் நீர் வரும்வரை காத்திராமல் சரக்கு நேரே சிட்னிக்குப் போகத் தொடங்கியது. ரயிலால் வளர்ந்த துறைமுகம் ரயிலாலேயே தேய்ந்தது. ஒரு தொழில் வருவதும் போவதும் ஓர் ஊரை என்ன செய்யும் என்பதைப் பாடநூலில் படிப்பதைவிட இங்கே கண்ணால் பார்ப்பது தெளிவாக இருக்கும்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், அந்த ஆற்றின் வரலாற்றில் மிகச் சிறிய பகுதியைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியவர்களாவோம். மர்ரே ஆற்றைத் துங்கலா என்று அழைக்கும் யோர்த்தா யோர்த்தா பழங்குடி மக்களின் நிலம் இது. எச்சூக்காவையும் மறுகரையில் உள்ள மோவாமாவையும் இணைத்து 2022இல் திறக்கப்பட்ட புதிய பாலம் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. மோவாமாவுக்கு அருகே 1874இல் மலோகா என்ற கிறித்தவ மிஷன் குடியிருப்பு நிறுவப்பட்டது. 1888இல் அங்கிருந்த மக்கள் கம்மரகுஞ்சா என்ற குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தார்கள். இவ்விரு இடங்களிலும் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தவர் தாமஸ் ஷாட்ரக் ஜேம்ஸ். மொரிசியசில் பிறந்த இந்திய வம்சாவளியினரான இவர், யோர்த்தா யோர்த்தா குடும்பத்தைச் சேர்ந்த ஏடா கூப்பரை மணந்து, அந்த மக்களில் ஒருவராகவே வாழ்ந்தார். ஏடாவின் சகோதரர் வில்லியம் கூப்பர் பழங்குடி மக்களின் உரிமைக்காக ஆஸ்திரேலிய அபோரிஜினீஸ் லீக் அமைப்பை நிறுவினார். நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கு இடம் கேட்டு மன்னருக்கு எழுதிய மனுவுக்காக 1,814 கையொப்பங்கள் திரட்டினார். அன்றைய அரசு அம்மனுவை மன்னருக்கு அனுப்பவே இல்லை. ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து 1938 டிசம்பர் 6 அன்று மெல்பேர்னில் இருந்த ஜெர்மானியத் துணைத் தூதரகத்துக்கு ஒரு குழுவை அழைத்துச் சென்றவரும் அவரே. பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான சர் டக் நிக்கல்ஸ், ஜேம்ஸிடம் கம்மரகுஞ்சாப் பள்ளியில் படித்தவர். ஓர் ஆற்றங்கரைச் சிறு பள்ளியிலிருந்து இத்தகையவர்கள் எழுந்ததை ஓர் ஆசிரியனாக நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். தெற்காசியப் பின்னணி கொண்ட நம் பிள்ளைகள் ஜேம்ஸின் பெயரைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்றும் கருதுகிறேன்.

1939 பிப்ரவரியில், குடியிருப்பின் நிர்வாகத்தையும் வாழ்க்கை நிலைமையையும் எதிர்த்து, ஏறத்தாழ 200 பேர் கம்மரகுஞ்சாவை விட்டு வெளியேறி ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்குள் வந்தார்கள். தம் நிலத்தின் மீதான உரிமையை ஏற்கும்படி இம்மக்கள் தொடுத்த வழக்கை 2002இல் உயர் நீதிமன்றம் இறுதியாகத் தள்ளுபடி செய்தது. பின்னர் விக்டோரிய அரசுடன் ஏற்பட்ட உடன்பாடுகளின் வழியே பார்மா காட்டின் பராமரிப்பில் அவர்களுக்குப் பங்கு கிடைத்துள்ளது. கம்மரகுஞ்சா இன்றும் மக்கள் வாழும் இடம். வேடிக்கை பார்க்கச் செல்லும் இடமாக அதை நாம் கருதக் கூடாது. ஆகவே நமது பேருந்து அங்கே செல்லாது. எதிர்க்கரையில் உள்ள பார்மாவில் வைத்து இந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்வோம்.

பார்மா காடு, மறுகரையில் உள்ள மில்லேவா காட்டோடு சேர்ந்து, உலகின் மிகப்பெரிய ஆற்றோர ரெட் கம் காடு. பழங்குடி மக்கள் படகு செய்வதற்காகப் பட்டை உரித்த தழும்போடு அங்கே நிற்கும் முதிய மரங்களைப் பிள்ளைகள் தொடாமல் பார்க்க வேண்டும். இந்த மரங்களுக்குக் குளிர்கால, வசந்தகால வெள்ளம் தேவை. 1936இல் ஹியூம் அணை கட்டி முடிக்கப்பட்டபின், பாசனத்துக்காகக் கோடையில் ஆறு நிறைந்தும் முன்பு பெருகிய காலத்தில் அடங்கியும் ஓடுவதால், காட்டின் இயல்பு மாறிவருகிறது. அதே ஆறு 2022 அக்டோபரில் பெருகியபோது எச்சூக்காவின் குறுக்கே அவசரமாக மண் கரை எழுப்ப நேர்ந்தது. கரைக்கு வெளியே ஆற்றுப் பக்கம் அகப்பட்ட வீடுகளும் இருந்தன. ஆகவே ஊர் மக்களிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது மரியாதையோடு கேட்கும்படி மாணவர்களுக்கு அறிவுறுத்துங்கள்.

எந்தப் படகில் ஏறுவோம் என்பது அன்றைய ஆற்றின் நிலையைப் பொறுத்தது. ஆற்றில் இறங்க எவருக்கும் அனுமதி இல்லை. நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் மரங்களும் வெளியே தெரியாத நீரோட்டமும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் ஆபத்தானவை. ரெட் கம் மரங்கள் காற்றில்லாத நேரத்திலும் பெருங்கிளைகளை உதிர்க்கும் என்பதால், மதிய உணவுக்கு மரத்தடியில் அமர மாட்டோம். உணவையும் தண்ணீரையும் வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். தொப்பியும் மூடிய காலணியும் கட்டாயம்.

பயணத்துக்கு முந்திய வாரத்தில் வரைபடத்தைப் பிள்ளைகளோடு பார்த்து, மர்ரே எங்கே தொடங்கி எங்கே கடலைச் சேர்கிறது என்பதைத் தமிழிலேயே பேசிப் பாருங்கள். திரும்பியபின் துறைமேடை, பார்மா காடு, தாமஸ் ஜேம்ஸின் பள்ளி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து இரண்டு பக்கக் கட்டுரை எழுதுவது அவர்களின் வேலை. இத்துடன் இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில், பிள்ளைக்கு ஒவ்வாமை அல்லது தொடர் மருந்து ஏதும் இருந்தால் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டு, பருவத்தின் கடைசி வகுப்புக்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். உடன் வந்து உதவ இயலும் பெற்றோர் அதே படிவத்தில் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்