செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, பூங்கா வேலி பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றும் ஒருவழியாக நடக்கின்றன. இந்த ஆண்டு நம் நேரமும் பணமும் போனது மழைக்காலத்துக்குத்தான்.

ஜூலைக் கூட்டத்தில் வெள்ளம் எட்டாதபடி மின்மீட்டர்ப் பலகைகளை உயர்த்தும் செலவை முன்வைத்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "2015-இலும் மூழ்கினோம், 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கினோம், இனியும் மூழ்கத்தான் போகிறோம். எதற்கு ஐயா வீண்செலவு?" என்று கேட்டார். அவர் சொன்னதில் முன்பாதி சரி. வீராங்கல் ஓடையில் வரும் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவையும் பக்கிங்காம் கால்வாயையும் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தும் போன நிலம் திரும்பவில்லை. வெள்ளத்தைத் தடுப்பது சங்கத்தின் கையில் இல்லை.

ஆனால் மூழ்குவதிலும் அளவு உண்டு. மிக்ஜாமில் பலகை நனைந்த அடுக்குமாடித் தொகுப்பில் தண்ணீர் வடிந்த பிறகும் மின்சாரம் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை. மூன்றாம் மாடிக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பலகை தலை உயரத்தில் இருந்த பக்கத்துத் தொகுப்பிலும் அதே முழங்கால் தண்ணீர்தான். அங்கே மோட்டார் முதலில் ஓடியது.

தீர்மானம் நிறைவேறியது. மின்வாரிய அனுமதிக்கு அலைந்தது தனிக்கதை. மழைக்கு முன் எல்லாப் பலகைகளும் உயர்ந்தன. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடிகளுக்கு ரப்பர் விளிம்பு போட்டோம். சாக்கடை கலந்த சம்ப்பை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியவர்களுக்கு அதன் அருமை தெரியும். தரைத்தளத்தில் நடமாட முடியாத முதியவர்கள், டயாலிசிஸ் செல்பவர்கள் யார் யார் என்று பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் மாடியில் ஒரு வீட்டைப் பேசி வைத்தோம்.

அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டிய கார்களில் நம்முடையவையும் இருந்தன. பயந்த அளவுக்கு மழை இல்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகே கரை கடந்தது. "பார்த்தீர்களா, செலவு தண்டம்" என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகை கீழே இறங்கி வந்துவிடப் போவதில்லை. அடுத்த மழைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

படகு வாடகைக்கு முன்பணம் கட்டும் தீர்மானம் நிலுவையில் உள்ளது. முதியவர்களுக்கு இடம் தர ஒப்புக்கொண்ட மாடி வீடுகளில் சிலவற்றில் குடும்பங்கள் மாறிவிட்டன. மாற்று இடம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.