தாய்லாந்து போகிறவர்கள் தெரு இனிப்பைத் தவறவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து தாய்லாந்துக்குக் குழுவாகச் செல்பவர்களில் பலர் சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போய், மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாட்டையே சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே எல்லாமே கறியும் மீனும்தான் என்ற பயம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அருமையான பலகாரங்கள் இருக்கின்றன.

முதலில் எச்சரிக்கை. பப்பாளிக்காய் இடித்துச் செய்யும் சோம் தாமிலும், பாத் தாய் நூடுல்ஸிலும் காய்தானே தெரிகிறது என்று சைவர்கள் வாங்கிவிடக் கூடாது. மீன் சாறும் உலர்ந்த இறாலும் அவற்றில் வழக்கமாகவே சேரும். ‘கறி வேண்டாம்’ என்றால் கறியை மட்டும் விட்டுவிட்டு மீன் சாற்றை ஊற்றித் தந்துவிடுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்வைக்கு 17 என்ற எண் போலத் தெரியும் எழுத்து இருந்தால் அது ‘ஜே’ எனப்படும் சுத்த சைவக் கடை. அங்கே மீன் சாறு, முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது.

இனிப்பில் கவனிக்க வேண்டியது முட்டை. பொன்னிறத்தில் மின்னும் தோங் யிப், தோங் யோட், நூல் நூலான ஃபோய் தோங் மூன்றும் முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்தவை. 17ஆம் நூற்றாண்டில், அன்றைய தலைநகரான அயுத்தயாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வம்சாவளிப் பெண் மரியா கியோமார் வழியாகப் பரவிய போர்த்துக்கீசியப் பக்குவம் என்பார்கள். பாசிப்பருப்பு விழுதைக் குட்டிப் பழங்களாக உருட்டி, வண்ணம் பூசி, கடற்பாசிக் கூழில் தோய்த்த லூக் சுப்பைச் சைவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அதே விழுதில் பலாக்கொட்டை வடிவில் செய்யும் மெட் கனூனுக்கு மேல்பூச்சு மஞ்சள் கரு. மொறுமொறு தோசை போன்ற கனோம் புவாங்கின் வெள்ளைக் கிரீம், முட்டை வெள்ளைக் கருவை அடித்தது.

தவறவிடவே கூடாதது கனோம் க்ரோக் என்ற தேங்காய்ப்பால் பணியாரம். ஓரம் சிவந்து மொறுமொறுப்பாகவும், நடுவில் பாதி இறுகிய தேங்காய்ப்பாலாகவும் இருக்கும். சூடாகத்தான் தின்ன வேண்டும். ஆனால் முழுதாக வாயில் போட்டால் உள்ளிருக்கும் பால் நாக்கைச் சுட்டுவிடும். முதலில் ஓரத்தைக் கடித்து ஆவியை விடுங்கள். நம் வீட்டுப் பணியாரச் சட்டியிலேயே இதைச் செய்யலாம். ஒரு டம்ளர் பச்சரிசி மாவு, இரண்டு கரண்டி சோறு, இரண்டு டம்ளர் இரண்டாம் பால், உப்பு சேர்த்து நைசாக அரையுங்கள். மாவு ஆப்ப மாவைவிட நீர்த்திருக்க வேண்டும். மேலே ஊற்ற ஒரு டம்ளர் முதல் பாலில் மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பொள்ளாச்சித் தேங்காய் முற்றலாக இருந்தால் பால் தடிமனாக வரும். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்து, மாவு விழும்போது ‘சுர்’ என வேண்டும். காயாவிட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும். குழியில் முக்கால் பங்கு மாவு, அரை நிமிடம் கழித்து ஒரு கரண்டிப் பால், பிறகு மூடி போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம். பணியாரம் போலத் திருப்பிப் போடக் கூடாது, பாலெல்லாம் வழிந்துவிடும். அங்கே ஸ்வீட்கார்ன், வெங்காயத்தாள் தூவுவார்கள். இனிப்பில் உப்பா என்று தயங்க வேண்டாம், தேங்காய்ப்பாலின் ருசியைத் தூக்கித் தருவதே அந்த உப்புதான்.

மாம்பழ ஒட்டரிசிச் சோற்றுக்கு மார்ச் முதல் மே வரை நல்ல பருவம். அரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் உப்பும் கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றி மூடி வைப்பார்கள். பொன்னி அரிசியில் இது வராது, ஒட்டாது. வாங்கிய உடனே தின்றுவிடுங்கள்: அறையில் வைத்தால் பால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துவிடும்.

நம் பகுதிச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷாப்பிங் மாலுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தையாவது, பாங்காக்கின் காம்பெங் பெட் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஓர் தோர் கோர் சந்தைக்குக் காலையிலேயே ஒதுக்குங்கள். ‘மீன் சாறு, இறால், முட்டை, கறி சேர்க்க வேண்டாம்’ என்று தாய்லாந்து மொழியில் அச்சடித்த சீட்டு ஒன்றைப் பயணிகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சமையற்கலைப் பயிற்றுநர்கள்,
பொள்ளாச்சி.