லண்டனுக்கு முன்பே கிரிப்ஸ்ஹோல்ம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உருவப்பட அருங்காட்சியகங்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, 1856-இல் நிறுவப்பட்ட லண்டன் தேசிய உருவப்படக் கூடத்திலிருந்தே வரலாற்றைத் தொடங்கியிருந்தது. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, 1822-இல், மேலாரன் ஏரிக்கரையிலுள்ள கிரிப்ஸ்ஹோல்ம் கோட்டையில் ஸ்வீடன் தனது தேசிய உருவப்படத் தொகுப்பை ஏற்படுத்திவிட்டது என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அதன் வேர் இன்னும் பழையது. 1537-இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கிய மன்னர் குஸ்தாவ் வாசாவே இங்கு உருவப்படங்களைச் சேர்க்கத் தொடங்கியவர். அவருடைய மகன் பதினான்காம் எரிக், தன் தம்பி யோஹானை 1563 முதல் 1567 வரை மனைவியோடு இதே கோட்டையில் சிறைவைத்தார்; பிற்பாடு போலந்தையும் ஸ்வீடனையும் ஆண்ட சிகிஸ்மண்ட் பிறந்ததும் அந்தச் சிறையில்தான். பின்னர் அரியணை யோஹானிடம் போனபோது, எரிக்கும் இங்கே கைதியாக அடைபட்டார். 1809-இல் பதவி பறிக்கப்பட்ட நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் முடிதுறந்த இடமும் இதுவே. ஒருவரையொருவர் சிறையிலிட்ட குடும்பத்தார் அனைவரும் இன்று ஒரே கூரையின்கீழ்ப் படச்சட்டங்களுக்குள் அமைதியாக இருப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது.

ஸ்வீடனின் தேசிய அருங்காட்சியகம் பராமரித்துவரும் இத்தொகுப்பில் இப்போது பல்லாயிரம் படங்கள் உள்ளன. மன்னர்களோடு நின்றுவிடாமல், நம் காலத்தின் கலைஞர்களும் அறிஞர்களும் அதில் தொடர்ந்து இடம்பெறுகிறார்கள். இத்தகைய கோட்டையை அடுத்த கட்டுரையிலாவது தாங்கள் விட்டுவிடலாகாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்