எல்லைக் கல்லுக்குப் போகும் பாதையில் உடைந்த கடப்பைச் சீர்செய்து தரக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஈம் (Eyam) ஊரில் 19 ஆண்டுகளாகக் குடியிருப்பவர்.

பெறுநர்:
பொது வழியுரிமை அலுவலர் அவர்கள்,
கவுண்டி மன்ற அலுவலகம்.

பொருள்: ஈம் ஊரிலிருந்து எல்லைக் கல் வழியாக ஸ்டோனி மிடில்டனுக்கு இறங்கும் பொது நடைபாதை – உடைந்த கடப்பு – பழுது பார்த்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இவ்வாண்டு பிப்ரவரி, மே, ஆகஸ்ட் மாதங்களில் நான் அனுப்பிய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையோடு நான் எழுதும் நான்காவது மனு இது. முந்தைய மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்றுக்கும் கணினி அனுப்பிய ஒப்புகை மட்டுமே வந்தது. எந்த மொழியில் எழுதினாலும் படிக்க ஆள் இல்லை என்றால், எனக்குத் தடுமாறாமல் வரும் மொழியிலேயே எழுதிவிடலாம் என்று இம்முறை முடிவு செய்தேன். தங்களுக்குச் சிரமம் வேண்டாம். என் மகள் ஆங்கிலப் படி ஒன்று எழுதிப் பின்னால் இணைத்திருக்கிறாள். கோபமான இடங்களை அவள் கொஞ்சம் தணித்திருக்கக்கூடும். மூலம் இதுதான்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் வேலியைத் தாண்டிப் போக விட்டிருக்கும் வழியைக் கடப்பு என்போம். இங்கே கல் மதிலைத் தாண்ட இரண்டு பலகையும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பமும் நட்டிருப்பதற்கும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். எந்தக் கடப்பு என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு அக்டோபரில் தாங்களே அங்கு வந்தீர்கள். நானும் பக்கத்தில் நின்றேன். புகைப்படம் எடுத்தீர்கள். பலகையைச் சப்பாத்துக் காலால் ஒருமுறை அசைத்துப் பார்த்து, "ம்" என்றீர்கள். அந்த "ம்"மை நம்பி ஓராண்டு காத்திருந்தாயிற்று.

தங்கள் மேலான கவனத்திற்குக் கீழ்க்கண்டவற்றைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்:

1. கீழ்ப் பலகை ஒற்றை ஆணியில் தொங்குகிறது. மேல் பலகை நடுவே பிளந்து, பாசி படிந்து, மழை நாளில் சவர்க்காரம் போல வழுக்குகிறது. கைப்பிடிக் கம்பம் ஆடுகிறது. வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் அதை யாரோ முள்கம்பியோடு இறுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பத்தில் தங்கள் அலுவலகம் அடித்துவிட்டுப் போன மஞ்சள் அம்புக்குறி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. பாதை இதுதான், தாண்டிப் போ என்கிறது.

2. கடப்பின் மறுபக்கம் மாடுகள் மிதித்துக் குழப்பிய சேறு. நவம்பர் முதல் மார்ச் வரை கணுக்காலுக்கு மேலே ஏறும்.

3. என் மனைவிக்கு வயது 66. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆனாலும் நடப்பதை விட்டவள் அல்ல. ஸ்டோனி மிடில்டனில் அவளுடைய சிநேகிதி ஒருவர் இருக்கிறார், 84 வயது, தனியாள். வாரத்தில் இரண்டு நாள் என் மனைவி தூக்குவாளியில் இரசமும் சோறும் எடுத்துக்கொண்டு இந்தப் பாதை வழியாகத்தான் போய் வருவாள். மிளகு இரசம் குடித்துப் பழகிய ஆங்கிலேயக் கிழவி இந்தப் பக்கத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கடந்த ஜனவரியில், தாங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்த ஒற்றை ஆணிப் பலகை அவள் காலடியில் திரும்பியது. இடது மணிக்கட்டு முறிந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. நாயை நடத்திக்கொண்டு வந்த ஒரு புண்ணியவான் பார்க்கும்வரை நாற்பது நிமிடம் மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் ஓடிப் போனபோது தன் கையைப் பற்றிச் சொல்லவில்லை. "வாளி உருண்டுவிட்டது, பாருங்கள்" என்றாள். வாளி கிடைத்தது. மூடி இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கை கூடிவிட்டது. ஆனால் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா ஐயா? அதே வியாழக்கிழமை, அதே நேரம், கடப்பு வரைக்கும் நடக்கிறாள். கம்பத்தில் கை வைக்கிறாள். அது ஆடுகிறது. திரும்பி வந்துவிடுகிறாள். எனக்குக் கார் ஓட்டக் கண் பார்வை போதாது. மகள் வரும் ஞாயிறுகளில் மட்டும்தான் இரசம் அந்த ஊருக்குப் போகிறது.

4. சாலை வழியாகப் போகலாமே என்று தங்கள் அலுவலகத் தொலைபேசியில் ஒருவர் யோசனை சொன்னார். ஈம் டேல் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, ஏ623 சாலையின் ஓரமாக, கனரக லாரிகளுக்குப் பக்கத்தில், முழங்கால் வலியோடு, தூக்குவாளியோடு. அந்த யோசனையைச் சொன்னவர் அந்தச் சாலையில் ஒருநாளாவது நடந்திருக்கிறாரா? தாங்கள் நடந்திருக்கிறீர்களா? (அந்த அழைப்பு எடுக்கப்படும் வரை இருபத்திரண்டு நிமிடம் ஒரே இசையைக் கேட்டேன். இந்த மலையில் ஒரு காலத்தில் ஈயம் தோண்டினார்கள்; ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளை எங்கள் வழக்கில் கூட்டி வாசித்தாலும் ஈயம் என்றே வரும். காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றுவது என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.)

5. இது எங்கேயோ வயலுக்குள் போய் முடியும் ஒற்றையடிப் பாதை அல்ல. தங்களுக்குத் தெரியாததா? 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து வந்த துணிப் பொதியோடு கொள்ளைநோய் இந்த ஊருக்குள் நுழைந்தது. மறு ஆண்டு கோடையில், நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று பாதிரியார் மாம்பசனும் அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த ஸ்டான்லியும் சொல்ல, ஊரே தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. 260 பேர் செத்தார்கள் என்பது ஊர் சொல்லும் கணக்கு. ரைலி பண்ணையில் ஒரு தாய் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். அந்த நாட்களில் இந்த ஊர்க்காரர்கள் நடந்து வந்து நின்ற இடம்தான் எல்லைக் கல். காசில் நோய் ஒட்டாதிருக்க, அதன் குழிகளில் வினிகரை ஊற்றிக் காசைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள்.

கொள்ளைநோய்க் காலத்திலும் கல் வரைக்கும் நடக்க இந்த ஊர்க்காரர்களால் முடிந்தது ஐயா. இன்றைக்கு என் மனைவியால் முடியவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, குக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தில் கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கான நினைவு வழிபாடு முடிந்ததும், கல்லுக்குப் போய் ஒரு குழியில் ஒரு பென்னி போட்டுவிட்டு வருவது அவளுடைய வழக்கம். நாங்கள் சைவர்கள்; அது என்ன வழிபாடு என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. குழியில் மழைத் தண்ணீர் நிற்கும். காசு அடியில் போய் உட்காரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். இந்த ஆண்டு அந்தப் பென்னி எங்கள் சமையலறை ஜன்னல் விளிம்பில் இருக்கிறது.

6. ஜனவரிக்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சிவப்பும் வெள்ளையுமான ஒரு பிளாஸ்டிக் நாடாவை யாரோ கொண்டுவந்து குறுக்கே கட்டிவிட்டுப் போனார்கள். இப்போது கடப்பையும் தாண்ட வேண்டும், நாடாவையும் தாண்ட வேண்டும். மலையேறும் சப்பாத்தும் இரண்டு கைத்தடியுமாக வரும் இளைஞர்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுகிறார்கள். அவர்கள் யாரும் புகார் எழுதுவதில்லை என்பதால் பாதை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ. மாம்பசன் கிணற்றுப் பக்கத்து வழிகாட்டிப் பலகையில் எழுத்து மங்கியிருப்பதைப் பற்றியும் எழுத நினைத்தேன். வேண்டாம். இந்த ஒன்று நடக்கட்டும்.

7. சட்டம் தெரியாமல் கேட்கவில்லை. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி கடப்பைப் பராமரிக்க வேண்டியவர் நில உரிமையாளர். அதற்கு அவர் செய்யும் நியாயமான செலவில் கால் பங்குக்குக் குறையாமல் தங்கள் தரப்பு கொடுக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால், குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் தாங்களே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். அதே சட்டத்தின் 130ஆம் பிரிவு, பாதையில் நடக்கும் மக்களின் உரிமையைக் காப்பது தங்கள் கடமை என்கிறது. நில உரிமையாளரைக் கேட்டேன், மன்றத்தைக் கைகாட்டினார். மன்றத்தைக் கேட்டேன், நில உரிமையாளரைக் கைகாட்டினார்கள். நடுவில் இருப்பது பதினான்கு நாள். எனக்கு ஓராண்டு ஆகிவிட்டது.

8. இரண்டு பலகை. ஒரு கம்பம். எட்டு ஆணி. தச்சர் ஒருவருக்கு அரை நாள் வேலை. நானே செய்வேன், கொட்டகையில் நல்ல ஓக் பலகை கிடக்கிறது. அடுத்தவர் மதிலில் ஆணி அடிக்க எனக்கு உரிமையில்லை என்று தங்கள் அலுவலகம் சொல்லிவிட்டது. அதைச் சொல்ல மட்டும் உடனே ஆள் இருந்தது!

9. மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. 1951இல் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதி இது. இங்கே நடக்கும் உரிமைக்காக 1932இல் தனியார் நிலமாக இருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறியவர்களில் சிலர் சிறைக்கே போனார்கள். நான் மேட்டைக் கேட்கவில்லை. மதிலின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகத்தான் கேட்கிறேன்.

ஆகவே, மேற்படி கடப்பை எடுத்துவிட்டு, தாழ்ப்பாள் போட்ட ஒரு சிறு கதவு வைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அது முடியாதென்றால் பலகைகளையும் கம்பத்தையுமாவது மாற்றித் தாருங்கள். அதுவும் முடியாதென்றால், எந்தத் தேதியில் முடியும் என்றாவது ஒரு மனிதர் கைப்பட எழுதி அனுப்புங்கள். அந்தத் தேதியை என் மனைவியிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வியாழனும் கேட்கிறாள்.

கடப்பைச் சரிசெய்து தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு:
புகைப்படங்கள் – 6
முந்தைய மனுக்களின் நகல்கள் – 3
ஆங்கிலப் படி – 1
கீழ்ப் பலகையிலிருந்து கழன்று சேற்றில் கிடந்த துருப்பிடித்த ஆணி, தாளில் சுற்றியது – 1