குட்டிக்கு விலை கேட்பதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாட்டு நாய் இனங்கள் அருகிவருவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால், ‘வீட்டுக்கு ஒரு நாட்டு நாய் வளர்ப்போம்’ என்று முடித்திருந்த இடத்தில் எனக்குப் பகீரென்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைத் தலைமுறையாக வளர்த்துக் குட்டி கொடுத்துவரும் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள் நான். இப்படி யாராவது எழுதிவிட்டால் மறுவாரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி, “அக்கா, குட்டி என்ன விலை?” இரண்டாவது, “கடுவன் இருக்கிறதா?” ஆண் குட்டியைத்தான் அப்படிக் கேட்பார்கள். மூன்றாவது கேள்வி அநேகமாகக் கிடையாது.

ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. என் மாமனார் கைநிறைய வாங்கிவந்தார். ஒன்றைக்கூடக் கடிதத்தில் ஒட்டவில்லை. 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகு, மாட்டோடு சேர்த்து நாயையும் நினைத்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதும் வெளிமாநிலங்களிலிருந்துகூட விசாரித்தார்கள். எல்லாம் சந்தோஷம்தான். பெருமைக்கு வாங்கிய நாயையும் விடிகாலையில் வெளிக்கு அழைத்துப் போயாக வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்று உருவான நாய். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்முகம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; வேட்டை நின்றது. நிற்க வேண்டியதுதான். ஆனால் ஓட வேண்டும் என்ற வேகம் அதன் உடம்பை விட்டுப் போகவில்லை. அதைக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில், துணி காயப்போடும் இடத்தில் சங்கிலியில் கட்டினால் என்ன செய்யும்? நாற்காலிக் காலைக் கடிக்கும், இரவெல்லாம் ஊளையிடும், கதவு திறந்ததும் பாய்ந்து தெருவுக்குப் போய் வண்டியில் அடிபடும். ராஜபாளையம் வேறு ரகம். அது வீட்டாரைத் தவிர மற்றவரைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாத காவல் நாய். விருந்தினர் வந்துபோகிற வீட்டில், குட்டியிலிருந்தே ஆள் பழக்கம் இல்லாமல் கூண்டில் வளர்த்துவிட்டு, “உங்கள் நாய் கடிக்கிறது” என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

பிரச்சினை பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் தொடங்கும். குட்டியின் அழகு போய், பெரிய நாயின் பலம் மட்டும் வந்திருக்கும் பருவம். அப்போது சிலர் கூப்பிட்டுச் சொல்வார்கள். சிலர் சொல்லாமல் நான்குவழிச் சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தெருநாய்ப் பிரச்சினை பற்றி நீதிமன்றம் வரை விவாதம் நடக்கிற காலத்தில், அந்தத் தெருநாய்களில் எத்தனை ஒருகாலத்தில் பெயர் வைத்துக் கொஞ்சப்பட்டவை என்று யாராவது கேட்க வேண்டும்.

எங்கள் தரப்பிலும் ஒழுங்கில்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலையே செய்யக் கூடாது. நடப்பதோ, முப்பது நாள் குட்டி கூடையில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிதான் சீக்கிரம் விலைபோகும் என்பது தரகர் கணக்கு. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் உருண்டு விளையாடும் அந்த வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தது அலறும் என்பதைக் குட்டி கற்கிறது. முதல் தடுப்பூசிக்கும் அதுதான் காலம். ஊசி போடாமல் வெளியூர் போன குட்டி பார்வோ என்ற வைரஸ் நோய் கண்டு ரத்தமாய்க் கழிந்து செத்துப்போனால், ‘நாட்டு நாய் தாங்காது’ என்று இனத்துக்குக் கெட்ட பெயர்.

காது கேளாத குட்டிகளைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எங்கள் தொழிலில் இதை வெளியே பேச மாட்டார்கள். பால் வெள்ளை ராஜபாளையத்துக்குத்தான் மதிப்பு என்று வெள்ளையோடு வெள்ளையை, அதிலும் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, ஈத்துக்கு ஒன்றிரண்டு செவிட்டுக் குட்டிகள் பிறப்பது சகஜமாகிவிட்டது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் வேண்டும். அவை இல்லாதபோது கேட்கும் திறன் போய்விடுகிறது. ஐந்தாறு வாரத்தில் நான் பார்க்கும் முறை இதுதான். வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவேன். எல்லாம் திடுக்கிட்டுத் தலை தூக்கும். ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். பிறகு பக்கத்துக் குட்டி மிதிக்கவும் விழித்து, எல்லாரும் எங்கே பார்க்கிறார்கள் என்று தானும் அங்கே பார்க்கும். கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும்வரை வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். கிணற்றில் போடுபவர்களும் இருந்தார்கள்.

நாங்கள் அப்படிப்பட்ட குட்டிக்குப் பணம் வாங்குவதில்லை; குறையைச் சொல்லித்தான் கொடுப்போம். ஒன்று, பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்ற தம்பதியிடம் போனது. கூப்பிட வேண்டுமென்றால் அந்த அம்மா தரையில் காலைத் தட்டுவார். அதிர்வு பட்டதும் எழுந்து வரும். இருட்டிவிட்டால் டார்ச் விளக்கை இரண்டு முறை அடிப்பார். கை உயர்த்தினால் உட்காரும். சுற்றுச்சுவருக்கு வெளியே கயிறு இல்லாமல் விடுவதில்லை. இதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை.

நல்ல வீடு என்றதும் தோட்டம், பங்களா என்று நினைக்க வேண்டாம். காரில் வந்து இறங்கி, இரும்புக்கூண்டின் படத்தைக் காட்டி, “எவ்வளவு வசதி செய்திருக்கிறோம் பாருங்கள்” என்ற ஒருவரை வெறும் காப்பியோடு அனுப்பிவைத்தோம். கோவில்பட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒருவருக்குச் சிப்பிப்பாறைப் பொட்டைக் குட்டி ஒன்றைக் கொடுத்தோம். ஓட்டுவீடுதான். நாள் முழுக்க அது அவர் கூடவே நடக்கிறது. அவர் சாப்பிடும் கம்பஞ்சோறும் மோரும்தான் அதற்கும், என்றைக்காவது ஆட்டுக்குடல். உடம்பில் ஒரு உண்ணி கிடையாது.

பொட்டைக் குட்டி என்றேனே, அதுதான் எங்களுக்கு உள்ள பெரிய கவலை. கடுவனுக்கு முன்பணம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்; பொட்டைக்கு ஆள் இல்லை. இந்தப் பக்கத்தில் கன்னி நாயை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து அனுப்பினார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். இன்றைக்கு இனாமாகக் கொடுத்தால்கூடப் பொட்டை வேண்டாம் என்கிறார்கள், குட்டி போட்டுத் தொல்லை என்று. கால்நடை மருத்துவரிடம் போனால் கருத்தடை அறுவை செய்வார். அதோடு தொல்லை தீர்ந்தது. ‘நாட்டு இனத்துக்குக் கருத்தடையா?’ என்று என்னை முறைப்பவர்கள் உண்டு. போகும் குட்டிக்கெல்லாம் இனம் காக்கும் பொறுப்பைக் கட்டி அனுப்பினால், இனம் தெருவில்தான் பெருகும்.

2024இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. இந்த வெயிலுக்கு ஒவ்வாத பனிப்பிரதேச இனங்களைப் பெருக்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. நாட்டு இனங்களுக்கும் கவனம் கிடைத்தது. அதோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வாங்கியவரால் வளர்க்க முடியாமல் போனால், எந்த வயதிலும், கொடுத்தவரே நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுக்கும்போதே தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் பொருத்தி, கொடுத்தவர் பெயரைப் பதிந்துவிட்டால், சாலையோரம் கிடக்கும் நாய் யார் வீட்டில் பிறந்தது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. சக வளர்ப்பாளர்கள் என் மீது கோபப்படுவார்கள். படட்டும். திரும்ப வந்தால் கட்டுவதற்கு இடமும் கஞ்சிக்குப் பணமும் இருக்கிற அளவுக்குத்தான் நாயை இணை சேர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டால், ஆண்டுக்கு எத்தனை ஈத்து என்று யாரும் வந்து எண்ண வேண்டியதில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் குட்டிகள் போதாமல் அழியவில்லை. போன இடத்தில் நிலைக்காமல்தான் அழிகின்றன.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் குட்டி கேட்க நினைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். எங்களிடம் இப்போது குட்டி இல்லை. பத்து மாதச் சிப்பிப்பாறைக் கடுவன் ஒன்று நகரத்திலிருந்து திரும்ப வந்திருக்கிறது. செவலை நிறம். கழுத்தில் சங்கிலி அறுத்த புண் ஆறிவிட்டது, ஊசியெல்லாம் போட்டாயிற்று. கோழி வளர்க்கும் வீட்டுக்கு ஆகாது. காலையும் மாலையும் ஓடவிட, வேலி போட்ட இடமும் அதற்கான நேரமும் வேண்டும். விலை எதுவும் இல்லை. வருகிறவர் வீட்டில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவரட்டும். பகலெல்லாம் அவனோடு இருக்கப்போவது அவர்கள்தான் என்பதால் நான் அவர்களிடம்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
நாட்டு நாய் வளர்க்கும் ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்.